கல்லின் பின்பக்கம்

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் கைடுகள் சொல்வது எனக்கு மனப்பாடம். தூண் பர்மாத் தேக்கு. தரை இத்தாலிப் பளிங்கு. ஆளுயரக் கண்ணாடி பெல்ஜியம். சுவரின் வழவழப்புக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும். எந்தப் பொருள் எந்தக் கடல் தாண்டி வந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். அந்தச் சுவரைக் கையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவர் பெயர் இன்னது என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? யாருக்கும் தெரியாது. எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்.

என் அப்பத்தா அப்படி ஒரு வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் பாத்திரம் தேய்த்தார், நெல் குத்தினார். இந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அப்பத்தாவுக்குப் பின்வாசல்தான். அடுப்படி, இரண்டாங்கட்டு, அதற்கு மேல் போனதில்லை. முகப்பு எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சாமி பொறப்பாட்டுக்கு வாசலைத் தொறந்து வப்பாக. தெருவுல நின்னு பாத்திருக்கேன்" என்றார். அவர் இறந்தபோது மாட்டுவதற்கு ஒரு போட்டோ இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அப்பத்தா திகைத்துப் போய் இருப்பார். அது அவர் முகமே இல்லை.

நான் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. 2012-இல் வேலைக்குச் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று அரை நாள் வகுப்பு. இந்த வருடம் மாசி மாதத்தில் என் பள்ளிப் பிள்ளைகளும் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூக்கல், செய்கிற சிலரும் சேர்ந்து, ஒரு பழைய வீட்டில் மூன்று நாள் ஒரு கண்காட்சி வைத்தோம். அதைப் பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். கொச்சியிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல வரும்.

2019 பொங்கல் விடுமுறையில், சேர்த்து வைத்திருந்த காசில், மதுரை போய் அங்கிருந்து பஸ்ஸில் எர்ணாகுளம் போனேன். கொச்சி-முசிரிஸ் பினாலேயின் நான்காவது கண்காட்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. பினாலே என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வைக்கிற பெரிய கலைக் கண்காட்சி. அதைத் தொகுத்தவர் அனிதா துபே. அந்தப் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தது அதுதான் முதல் தடவை. படகில் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி நடந்தால் ஆஸ்பின்வால் ஹவுஸ். வாசனைப் பொருள் வாணிபம் செய்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பழைய கட்டடம். ஓடு, மரம், கடற்காற்று. எனக்கு நம் ஊர் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. வாணிபம் கட்டிய கட்டடத்துக்கென்று ஒரு வாசனை இருக்கும்போல.

அங்கே ஓர் இருட்டறை. மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தாவின் படைப்பு. தரையிலிருந்து நூறு கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றின் கூர்முனையிலும் ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். எழுதியதற்காகச் சிறைக்குப் போன ஒரு கவிஞரின் வரிகள் அதில் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கு மேலேயும் ஒரு மைக் தொங்கும். நாம் பேசுவதற்கான மைக் இல்லை அது. அதிலிருந்து குரல் வரும். ஒரு மைக் ஒரு வரியைச் சொல்லும், மற்றவை சேர்ந்து திருப்பிச் சொல்லும். எனக்குப் பாதி மொழிகள் புரியவில்லை. ஆனால் தாளில் கம்பி குத்திய ஓட்டை எல்லா மொழியிலும் ஒன்றாகவே இருந்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன்.

அங்கே நிற்கும்போது பாரதியை நினைத்துக்கொண்டேன். 1918 கடைசியில் கடலூர் சிறையில் இருந்தவர், அடுத்த வருடம் நம் கானாடுகாத்தானுக்கு வை.சு.சண்முகம் வீட்டுக்கு வந்தார், காரைக்குடிக்கு வந்தார். கையில் தடியோடு இருக்கிற அந்தப் படம் காரைக்குடியில் எடுத்ததுதான். என் அப்பத்தாவின் அம்மா அப்போது பக்கத்துக் கிராமத்தில் உயிரோடு இருந்திருக்கிறார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை.

அதே வளாகத்தில் கொடிகட்டித் துணிகள் தொங்கின. தென்னாப்பிரிக்காவின் சூ வில்லியம்சன் செய்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்தியாவிலிருந்து பிடித்துக்கொண்டு போய் கேப் டவுனில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் விற்பனைப் பத்திரங்கள், மொத்தம் 119. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு பருத்தித் துணி. அதில் கறுப்பு மையில் பெயர், வயது, எந்த ஊர், விற்றவர், வாங்கியவர், விலை. அந்தத் துணிகளைக் கேப் டவுன் கோட்டைப் பக்கத்துச் சேற்றுத் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து, துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். காற்றில் ஆடுகிற வெறும் துணி. ஆனால் ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது. சொந்த ஊரில் வைத்த பெயரை எடுத்துவிட்டு, வாங்கியவர்கள் வைத்த பெயர்கள் அவை. அந்தப் பெயர்களுக்கு அடியில் எங்கேயோ நம் பக்கத்துப் பெயர் ஒன்று கிடக்கலாம் என்று தோன்றியபோது கொடிக்கு அடியில் நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பாபி தாஸ் என்று கொல்கத்தாக்காரர், ஆட்டோ ஓட்டியவர். தான் ஓட்டிய தெருக்களைத் துணியில் ஊசி நூலால் தைத்து வைத்திருந்தார். கிட்டே போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தால்தான் தையல் என்று தெரியும். 'தொழிலாளியைப் பற்றிய கலை' என்று நிறையப் பார்க்கிறோம். அங்கே தொழிலாளியே தன் கையால் செய்து வைத்திருந்தார். அந்த வித்தியாசம் எனக்குள் இறங்கிவிட்டது.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில அறைகளில் சுவர் நிறைய எழுதி ஒட்டியிருந்ததைப் படித்து முடித்தால்தான் எதிரே இருப்பது என்ன என்றே தெரியும். நியாயத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு படைப்பு, படிக்கத் தெரியாத ஒருத்தியை வாசலிலேயே நிறுத்தினால் எனக்கு வருத்தமாக இருக்கும். என் அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். அவரை அந்தத் துணிக்கொடிக்குக் கீழே நிறுத்தியிருந்தால் ஒரு வார்த்தை நான் சொல்ல வேண்டியிருக்காது. அப்புறம், கண்காட்சி முடியும் சமயத்தில், அங்கே கட்டுமான வேலை செய்தவர்களின் பாக்கிப் பணம் குறித்துத் தகராறு எழுந்து செய்தியானது. கணக்கில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒன்றை அன்றே முடிவு செய்தேன்: நான் எப்போதாவது எதையாவது வைத்தால், முதல் செலவு கூலியாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு கொரோனா, பள்ளி மூடல், வீட்டுச் சிக்கல்கள். நான்கு வருடம் ஓடியது.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வருடமே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பானை ஓட்டில் 'ஆதன்' என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறதே, அதற்கு முன்னால் ஒரு பையன் நின்றுவிட்டான். "ராஜாவா டீச்சர்?" என்றான். ராஜா என்று தெரியவில்லை, யாரோ ஒருவர், தன் பானையில் பெயர் எழுதியிருக்கிறார் என்றேன். "நம்ம சோத்துத் தட்டுல எழுதுற மாதிரியா?" என்றான். ஆமாம், அதே மாதிரிதான். கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஊர் நம்முடையது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கீறல் இருக்கிறது. அந்தப் பையனின் அப்பா ஆத்தங்குடியில் கல் போடுகிறவர். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

ஆத்தங்குடிப் பூக்கல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சதுரமாக வெட்டிய கண்ணாடியை அடியில் வைப்பார்கள். அதன்மேல் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவ உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம் என்று கரைத்த சிமெண்டுச் சாயத்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு மெல்ல அச்சைத் தூக்கிவிடுவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று ஓடாமல் நிற்க வேண்டும். அந்தக் கை அமைவதற்கு வருடக்கணக்கில் ஆகும். மேலே காய்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணுவார்கள். காய்ந்ததும் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். கடைசியில் கண்ணாடியை எடுத்தால் பளபளவென்று பூ. ஆக, செய்கிறவர் முழு நேரமும் கல்லின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பக்கம் அவருக்கு மனக்கண்ணில்தான். கற்பனை என்பது ஓவியருக்கும் கவிஞருக்கும் உரிய சொத்து என்று பேசுகிறவர்கள் ஒரு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அந்தப் பையனின் அப்பாவிடம் போய்க் கேட்டேன். "பின்னாடி ஈரம் இருக்கப்பவே ஆணியால உங்க பேரைக் கீறித் தர முடியுமாண்ணே?" அவருக்கு முதலில் விளங்கவில்லை. "பின்பக்கம் தரைக்குள்ள போயிருமே டீச்சர், யாரு பாக்கப் போறா?" என்றார். பார்க்கிற மாதிரி வைப்போம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்ல சிமெண்டுத் தரைதான், தெரியுமா?" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்.

பதினாறு பேர் சம்மதித்தார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள். ஒருவருக்கு இரண்டு கல். கல்லுக்கு உரிய விலை, அன்றைய நாளுக்குக் கூலி, இரண்டையும் கையில் கொடுத்த பிறகுதான் ஆணியைக் கொடுத்தேன். நகைச்சீட்டு முடிந்து வந்த பணம் அதற்குப் போயிற்று.

பிள்ளைகளுக்குத் தனி வேலை. பெரிய வீடுகளின் முகப்பில் வரிசையாக முன்னோர் படங்கள் மாட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். தலைப்பாகை, வைரக் கடுக்கன், கண்டாங்கி கட்டிய ஆச்சிகள். "உங்க வீட்டுப் பெரியவங்களும் இந்த ஊர்லதான் இருந்தாங்க. அவங்க படம் எங்கே?" என்று கேட்டேன். வகுப்பில் சத்தமே இல்லை. "போட்டோ இல்லேன்னா வரைங்க. வீட்ல கேட்டு வரைங்க. கேட்டும் தெரியலேன்னா நீங்களா நினைச்சு வரைங்க." மூன்று வாரம் கொடுத்தேன்.

கிணறு வெட்டியவர், கருங்கல் சுமந்தவர், கொட்டான் முடைந்த பாட்டி, பிரசவம் பார்த்த பாட்டி, பர்மாவுக்குச் சமையல் வேலைக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா என்று வந்தார்கள். ஒரு சிறுமி தன் பாட்டியின் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டி, மடியில் புத்தகம் வைத்திருந்தாள். அவர் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். "போயிருந்தா படிச்சிருப்பாங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு பையனின் படத்தில் இடுப்பில் வேட்டியும் மேலே வெள்ளைச் சட்டையுமாக ஒருவர், காலில் செருப்பு, கையில் பெரிய கறுப்புக் குடை. பின்னால் கொளுத்துகிற வெயில். இவர் யார் என்றேன். தாத்தாவோட அப்பா என்றான். குடை ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டதற்கு, "எங்க தாத்தா எவ்வளவு வெயில்லயும் குடை பிடிக்க மாட்டாரு டீச்சர். கேட்டா பழக்கமில்லேம்பாரு. அவங்கப்பாவுக்கும் பழக்கமில்லையாம். அதான் நான் குடுத்தேன்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1930 டிசம்பரில், நம் ஊர்கள் எல்லாம் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் பதிவு செய்திருக்கிறார், அம்பேத்கரும் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான் புழங்க வேண்டும். பெண்கள் பூ வைக்கக் கூடாது, மேலே துணி போடக் கூடாது. கடைசித் தடை: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். மூன்று தலைமுறை கழித்து அது ஒரு வீட்டில் 'பழக்கமில்லை' என்ற ஒற்றைச் சொல்லாக மிஞ்சியிருக்கிறது. அந்தப் பையனுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. நான் சொல்லித் தரவும் இல்லை. குடையை எங்கே கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

வீடு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளிகள். சென்னையில் ஒருவர், மலேசியாவில் ஒருவர். முதலில் சரியென்ற வீட்டில் கடைசி நேரத்தில் ஒரு பங்காளி போன் பண்ணி, வீட்டுப் பேர் கெட்டுவிடும் என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை. இரண்டாவது வீட்டு ஆச்சி சென்னையில் இருக்கிறார், சிவராத்திரிக்கு ஊருக்கு வந்திருந்தார். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிப் பாட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "எங்க அய்யா படத்தை எடுக்காதீக. அது பக்கத்துலயே இதுகளை மாட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார். "முன்வாசல் மூணு நாளும் தொறந்தே இருக்கட்டும் தாயி."

முகப்பில் படங்கள். உள்ளே முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவின் தரையில் கற்கள். இரண்டு செங்கலை நிறுத்தி, நடுவில் தரையில் முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு ஒன்றைப் போட்டு, மேலே கல்லைக் கவிழ்த்து வைத்தோம். நின்று பார்த்தால் சாம்பல் நிறச் சிமெண்டும் கீறிய பெயரும் தெரியும். முட்டி போட்டுக் குனிந்தால்தான் கீழே கண்ணாடியில் பூ தெரியும். முப்பத்திரண்டு கல். எங்கும் எழுதி ஒட்டவில்லை. குனிந்து பார்க்க வேண்டும் என்பதைப் பெரியவர்களுக்கு முதலில் காட்டிக் கொடுத்தவை தவழ்கிற குழந்தைகள்தான்.

வந்தவர்களில் பாதிப் பேர் அந்த மாதிரி வீட்டின் முன்வாசலில் முதல் தடவையாகக் கால் வைத்தவர்கள். என் அம்மா நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். கும்பிட வேண்டாம் அம்மா என்று சொல்ல வாய் வந்து, சொல்லாமல் விட்டேன். நானும் அப்பத்தாவை வரைந்து மாட்டியிருந்தேன், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "காது இன்னும் கொஞ்சம் தொங்கும். பாம்படம் போட்ட காது" என்றார். அப்போதே பென்சிலை எடுத்துத் திருத்தினேன்.

பட்டணத்துக் கண்காட்சிகளில் ஓடியாடி வேலை செய்யும் ஒரு தம்பி வந்திருந்தார். 2018 கடைசியில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் தொடங்கிய வானம் கலைத் திருவிழா, மதுரைக்காரர் பழனிக்குமார் துப்புரவுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து எடுத்து வரும் போட்டோக்கள் என்று நிறையப் பேசினார். இதைச் சென்னைக்குக் கொண்டு போகலாம் அக்கா என்றார். சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கற்கள் இந்தத் தரையில், இந்த முன்னோர் படங்களுக்கு எதிரில் இருந்ததால்தான் அப்படிப் பேசின என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைச் சுவர் ஹாலில் வைத்தால் அழகாக இருக்கும். அது வேறு விஷயம் ஆகிவிடும். அவரவர் ஊரில், அவரவர் பின்வாசலைத் தேடிப் பிடித்து வைக்கட்டும்.

மூன்றாம் நாள் மாலை குடை வரைந்த பையன் தாத்தாவைக் கூட்டிவந்தான். அவர் தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டப் போனவர், பாதியில் நிறுத்தி, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. பேரனின் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கற்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் ஆத்தங்குடிப் பக்கம் போனபோது கல் போடுகிற ஓர் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கல் சாய்ந்திருந்தது, பூப் பக்கம் சுவரைப் பார்த்து, பெயர் வெளியே. காப்பி கொடுத்துவிட்டு அதைக் காட்டினார்.

"அன்னைக்கு அவசரத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு டீச்சர், பாத்தீங்களா? எம் பேத்திதான் கண்டுபிடிச்சா. நாளைக்குக் கல்லு போடறப்ப ஒண்ணு தனியாப் போட்டு, சரியா எழுதிர்றேன்."